செவ்வாய்க்கிழமை பதினொன்றேகால்

சனிக்கிழமை மாலை தவளக்குப்பம் சந்திப்பில் வண்டியோடு விழுந்த ராஜவேல், வியாழக்கிழமை விடிந்த பிறகும் கண் திறக்கவில்லை. கடலூர் சாலையில் நாளுக்கு நான்கு முறை போய் வருகிற ஏ.சி. மெக்கானிக். அன்றைக்கும் ஹெல்மெட் இருந்தது. தலையில் இல்லை, பெட்ரோல் டேங்க்கின் மேல் இருந்தது.

ஐந்து நாட்களாக அவனைப் புதுச்சேரி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறார்கள். ஐந்து நாட்களாக அவன் மனைவி துர்கா வாசலில் உள்ள நீல நாற்காலியில் இருக்கிறாள். அரியாங்குப்பம் வாடகை வீடு பூட்டிக் கிடக்கிறது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் மாலா, தவளக்குப்பத்துக்கு மேற்கே சொந்த ஊரில், அப்பாவைப் பெற்ற ஆயா அஞ்சலாட்சியிடம் இருக்கிறாள்.

ஊரில் தீமிதித் திருவிழா. ராஜவேலின் தம்பி கோபிநாத் பதினைந்து நாளுக்கு முன்பே காப்புக் கட்டியிருந்தான். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இருக்கிற வரை செருப்பு இல்லை, அசைவம் இல்லை, சாவு வீட்டு வாசல் இல்லை. நாளை வெள்ளிக்கிழமை அவன் தீ மிதிக்க வேண்டும்.

துர்காவின் மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. மாலாவின் போன வருஷத்து நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள். துர்கா ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்பவள். எந்தச் சட்டை எத்தனை மணிக்குக் கைக்கு வந்தது, என்ன குறை என்று எழுதாமல் அடுத்ததைத் தொடமாட்டாள். இங்கேயும் அப்படியே எழுதினாள்.

‘ஞாயிறு 7.30. கை சூடாக இருந்தது.’

‘திங்கள் 5.00. பெரிய டாக்டர் வந்தார். கோபியிடம் பேசினார். எழுந்துவிடுவார் என்று சொன்னதாகக் கோபி சொன்னான்.’

‘செவ்வாய் 4.10. இடது கை விரல் அசைந்தது.’

விரல் அசைந்த வரியின் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

வியாழன் காலை ஒன்பது நாற்பதுக்கு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் அவள் எதிரே வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். அட்டைக்குப் பின்னால் சின்னச் சிலுவை.

“துர்காக்காதான? நான் மெரின். இங்க டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர். உங்க கொழுந்தனார்கிட்ட ரெண்டு வாட்டி பேசிட்டேன். உங்களத்தான் பாக்கவே முடியல.”

“நான் எங்க போனேன்? சனிக்கெழமையிலேர்ந்து இதே நாற்காலியிலதான் இருக்கேன்.”

மெரினின் முகத்தில் ஏதோ மாறியது.

“உங்களுக்கு எல்லாம் தெரியும், காதால கேக்கத்தான் தைரியம் இல்ல, அதனால எதுவா இருந்தாலும் என்கிட்டயே பேசுங்கன்னு சொன்னாரு.”

“எல்லாம்னா இன்னா?”

மெரின் பக்கத்திலிருந்த சின்ன அறையின் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு மேசை, மூன்று நாற்காலி, தண்ணீர்க் கேன். துர்கா உட்காரவில்லை.

“காலையிலேர்ந்து அவருக்கு பி.பி. எறங்கிக்கிட்டே போவுதுக்கா. மருந்த ஏத்தித்தான் நிறுத்தி வெச்சிருக்காங்க. நீங்க கேட்ட மாதிரி வெள்ளிக்கெழம முடியற வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டாவது டெஸ்ட்ட இன்னிக்கே வெச்சிக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

“நான் எப்ப வெள்ளிக்கெழம வரைக்கும் கேட்டேன்?”

“உங்க கொழுந்தனார்...”

“ரெண்டாவது டெஸ்ட்னா, மொதல் டெஸ்ட் எப்ப?”

“செவ்வாக்கெழம. காலையில பதினொன்னேகாலுக்கு முடிஞ்சுதுக்கா.”

துர்கா நோட்டைப் புரட்டினாள். மெரினுக்குக் காட்டுவதற்காக அல்ல. தானே ஒருமுறை பார்த்துக்கொள்வதற்காக.

‘செவ்வாய் 10.20. எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கி வரச் சொல்லி கோபி அனுப்பினான். ஆட்டோ. 11.05 ஊர், கோயில். மாலாவும் நானும் பிரகாரம் சுற்றினோம். மூன்றாவது சுற்றுக்கு மாலா வரவில்லை, கால் வலி என்றாள். 12.40 திரும்பினேன். பழம் தலைமாட்டில்.’

அவள் ஈரப் புடவையோடு பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே டெஸ்ட் முடிந்திருக்கிறது. பழம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கிறது. அந்தப் பழத்தைக் கையில் வாங்கிய கோபி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, “போதும் அண்ணி, இனிமே அம்மன் பாத்துக்குவா” என்று சொன்னான்.

“எதுக்கான டெஸ்ட்?” என்று கேட்டாள்.

மெரின் மெதுவாகச் சொன்னாள். தலையில் பட்ட அடியில் மூளை வீங்கி, அதற்கு ரத்தம் போவது நின்றுவிட்டது. கண்ணில் வெளிச்சம் அடித்தால் பாவை சுருங்கவில்லை. விழியைப் பஞ்சால் தொட்டால் இமை துடிக்கவில்லை. காதில் ஐஸ் தண்ணீர் விட்டால் கண் அசையவில்லை. மூச்சு விட வேண்டும் என்கிற கட்டளையே மூளையிலிருந்து வரவில்லை.

“கை சூடா இருக்கேம்மா. நேத்துகூடப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

“மெஷின் மூச்சு குடுக்குது. அதுல இதயம் ஓடுது. ரத்தம் ஓடினா சூடு இருக்கும்க்கா.”

“விரலு அசஞ்சிது. நாலு பத்துக்கு. எழுதி வெச்சிருக்கேன்.”

“அசஞ்சிருக்கும். அது முதுகுத்தண்டுலேர்ந்து வர்றது. மூளைக்குப் போவாமலே வரும். நீங்க பாத்தது பொய் இல்ல. ஆனா அவரு அசைக்கல.”

துர்கா அந்த இரண்டு கோட்டையும் விரலால் மூடிக்கொண்டாள். அன்றைக்கு ஓடிப்போய் கோபியிடம்தான் முதலில் சொன்னாள். ‘பாத்தீங்களா அண்ணி, நான்தான் சொன்னேனே’ என்று அவன் சிரிக்கக்கூடச் செய்தான்.

“எங்க ஊர்ல அம்மாவாசைன்னு ஒருத்தரு. அவரு மச்சான் நாப்பது நாள் கோமாவுல கெடந்துட்டு எழுந்து உக்காந்து மோர் கேட்டாரு.”

“அது கோமாக்கா. அவருக்குத் தானா மூச்சு வந்திருக்கும். உள்ள மூளை வேலை செஞ்சுக்கிட்டே இருந்திருக்கும். இது அது இல்ல.”

“கிட்னி மாத்துறாங்க. இதயமே மாத்துறாங்க. மூளைய மாத்த மாட்டாங்களா?”

“முடியாதுக்கா. உலகத்துல எங்கயும் முடியாது.”

துர்கா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

ராஜவேல் வேலை முடிந்து வந்து கஸ்டமர்களைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பான். ‘கம்ப்ரசர் செத்துப்போச்சு சார்னு சொன்னா சண்டைக்கு வர்றாங்கடீ. காத்து வருதே, சத்தம் கேக்குதே, எப்படி செத்துச்சுங்கறாங்க. உள்ள ஃபேன் மட்டும் ஓடுது சார்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.’

ஐந்து நாளாக நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். காற்று வருகிறதே என்று.

“சுத்தி வளைக்காம சொல்லு. மாலா அப்பா செத்துட்டாரா?”

“ரெண்டாவது டெஸ்ட் முடியாம அந்த வார்த்தைய நான் சொல்லக் கூடாது. முடிஞ்சப்புறம் சொல்லாம இருக்கவும் கூடாது.”

“அத நான் பாக்கணும்.”

“அக்கா, அது...”

“இவ்ளோ நாளா எல்லாரும் பாத்துட்டு வந்து என்கிட்ட சொன்னாங்க. இனிமே நானே பாத்துக்கறேன்.”

மெரின் போனை எடுத்தாள். “டாக்டர்கிட்ட கேட்டு பர்மிஷன் வாங்கறேன்” என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு கோபிநாத் வந்தான். வெறுங்கால், மஞ்சள் வேட்டி, ஒயர் கூடையில் தூக்குச்சட்டி. காலையில் கோயில் அபிஷேகத்துக்குப் போய்விட்டு, சந்திப்பில் பஸ் பிடித்து வந்திருக்கிறான். தார் ரோட்டில் நடந்து பாதம் சிவந்திருந்தது.

“சாம்பார் சாதம் அண்ணி. அம்மா குடுத்தனுப்பிச்சிது. காலையில அண்ணன் எப்படி இருக்கான்?”

“நீ சொல்லு கோபி. எப்படி இருக்காரு?”

“இன்னா அண்ணி இப்படிக் கேக்கறீங்க? அப்படியேதான் இருக்கான். கொஞ்சம் கொஞ்சமா...”

“செவ்வாக்கெழம பதினொன்னேகாலுக்கு எங்க இருந்த?”

தூக்குச்சட்டி கையிலேயே நின்றது.

“எலுமிச்சம்பழம் வாங்கறதுக்கு ஆட்டோவுக்கு நீயே காசு குடுத்து அனுப்பின. நல்லா ஈரத்தோட சுத்துங்க, அவசரப்படாதீங்கன்னு சொன்ன. நானும் அவசரப்படாம சுத்தினேன். மூணு சுத்து.”

“அண்ணி, மெதுவா பேசுங்க. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். ஊருக்கே தெரிஞ்சது எனக்கு மட்டும் இன்னிக்குத்தான தெரிஞ்சுது.”

“ஊருக்கெல்லாம் தெரியாது.” அவன் சுவரோரமாக நகர்ந்தான். “நம்ம பங்காளிங்க முப்பது வீடு அண்ணி. ஒரு வீட்டுல சாவு விழுந்தா முப்பது வீட்டுக்கும் தீட்டு. நாப்பத்தஞ்சு பேரு காப்புக் கட்டி நிக்கறான். கரகம் எடுக்கறவரு நம்ம பங்காளி. எல்லாத்தையும் நிறுத்தணும். டாக்டரு சொன்னாரு, ரெண்டு டெஸ்ட்டும் முடிஞ்சாத்தான் சாவுன்னு எழுதுவோம், ஒண்ணு முடிஞ்சா எழுத மாட்டோம்னு. அப்ப சாவே இல்லயே? இதயம் ஓடுது. தீட்டு எங்கேர்ந்து வரும்? வெள்ளிக்கெழம முடிஞ்சு காப்ப அவுத்துட்டு சொல்லலாம்னுதான்...”

“உங்க அண்ணன் சாவறதுக்கு நீ நாள் பாத்திருக்க.”

“அப்படிச் சொல்லாதீங்க!” அவன் குரல் உடைந்தது. “தீ மிதிச்சா கண்ணத் தொறப்பான்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். டாக்டருக்கு எல்லாம் தெரியுமா? அம்மாவாசை மச்சான...”

“நம்பிக்கை இருந்துச்சின்னா என்கிட்ட ஏன் மறச்ச?”

கோபிநாத் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றைத் திருகினான்.

“இன்னா சொன்ன அந்தப் பொண்ணுகிட்ட? எனக்கு எல்லாம் தெரியும், தைரியம் இல்லன்னு. அவரு உள்ள கெடக்கறப்ப, என் வாய எடுத்து நீ பேசியிருக்க. நான் தெனம் உள்ள போயி, மாலா கணக்குல எண்பது வாங்கியிருக்கா, வீட்டு ஓனரு தண்ணி மோட்டார மாத்திட்டாருன்னு அவருகிட்ட கத சொல்லிக்கிட்டு இருந்தேன். கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருந்தியேடா.”

அவள் அவனை ‘டா’ போட்டது கல்யாணமான பதினான்கு வருஷத்தில் அதுதான் முதல்முறை.

“அத்தைக்குத் தெரியுமா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“தெரியும். அதான் நேருல வராம, தெனம் சாம்பார் சாதம் மட்டும் வருது” என்றாள் துர்கா.

தூக்குச்சட்டியை வாங்கி நாற்காலியின் அடியில் வைத்தாள். திறக்கவில்லை.

மூன்று மணிக்கு டெஸ்ட் தொடங்கியது. நான்கு டாக்டர்கள். மெரின் சொல்லி வைத்திருந்ததால், துர்காவைக் கட்டிலின் கால்மாட்டில் நிற்கவிட்டார்கள். கோபிநாத் உள்ளே வரமாட்டேன் என்றான். அப்புறம் வந்தான். மஞ்சள் கயிறு கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றான்.

வெளிச்சம், பஞ்சு, ஐஸ் தண்ணீர். மெரின் காலையில் சொன்ன வரிசையிலேயே நடந்தது. தூங்கும்போது கொசு உட்கார்ந்தால்கூட முகத்தைச் சுளிக்கிற ஆள், விழியில் பஞ்சு பட்டும் அப்படியே கிடந்தான்.

“இப்ப மெஷினக் கழட்டறோம்மா” என்றார் மூத்த டாக்டர். “ஆக்ஸிஜன் மட்டும் குழாய்ல போவும். மூச்ச அவரேதான் இழுக்கணும். பத்து நிமிஷம் பாப்போம். ஒரே ஒரு மூச்சு வந்தாலும் டெஸ்ட்ட நிறுத்திடுவேன்.”

மெஷினின் சத்தம் நின்றது.

துர்கா அவன் கழுத்துக் குழியைப் பார்த்தாள். மூச்சு இழுக்கும்போது முதலில் அசைவது அதுதான். பதினான்கு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியும். அசதியில் தூங்கினால் மூக்கில் மெல்லிய விசில் வரும். அதற்காக எத்தனை நாள் புரட்டிப் போட்டிருக்கிறாள்.

ஒரு நிமிடம்.

‘ஒண்ணே ஒண்ணு இழு. இவங்க எல்லாரையும் பொய்யாக்கிடு.’

மூன்று நிமிடம். சுவர்க் கடிகாரத்தின் முள் துள்ளித் துள்ளி நகர்ந்தது. இதயத்தின் கோடு மட்டும் திரையில் ஓடியது. இத்தனை நாள் நம்பி உட்கார்ந்திருந்த அந்தக் கோட்டை இப்போது அவளால் பார்க்க முடியவில்லை.

ஆறு. எட்டு.

தன்னையறியாமல் அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு அடைத்து, வாய் திறந்து இழுத்தாள். அவள் உடம்பு அவளைக் கேட்காமலே இழுத்துக்கொண்டது. அதுதான் வித்தியாசம் என்று அந்த நொடியில் புரிந்தது. மெரின் அரை மணி நேரம் சொன்னது, ஒரு மூச்சில் புரிந்தது.

பத்து நிமிடம். ரத்தம் எடுத்தார்கள். மெஷினைத் திரும்ப மாட்டினார்கள். நெஞ்சு மறுபடி ஏறியது. இந்த முறை துர்கா ஏமாறவில்லை.

ரத்த ரிப்போர்ட் வந்ததும் மூத்த டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “மூணு நாப்பத்திரண்டு” என்றார். மற்ற மூவரும் கையெழுத்திட்டார்கள். துர்காவும் நோட்டில் எழுதினாள். ‘வியாழன் 3.42.’ அதற்கு மேல் எதுவும் எழுத வரவில்லை.

மெரின் அவள் தோளைத் தொட்டாள். “ராஜவேல் சார் எறந்துட்டாருக்கா” என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்த ஐந்து நாளில் அந்த வார்த்தையைத் துர்காவிடம் நேராகச் சொன்னவள் அவள்தான்.

சின்ன அறையில் உறுப்பு தானப் படிவத்தை மேசைமேல் வைத்தாள் மெரின்.

“வேணாம்னாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. முடிவு உங்களோடது மட்டும்தான்.”

“கூறு போட்டுடுவாங்க அண்ணி,” என்றான் கோபிநாத், கதவைப் பிடித்துக்கொண்டு. “முழுசா எடுத்துட்டுப் போவணும்.”

“கண்ண எடுத்தா மொகம் மாறிடுமா?” என்று மெரினைத்தான் கேட்டாள் துர்கா.

“மாறாதுக்கா. மூடின கண்ணு மாதிரியே இருக்கும். ஆபரேஷன்ல தைக்கற மாதிரி தச்சுத்தான் குடுப்பாங்க.”

துர்கா பேனாவை எடுத்தாள்.

“அக்கா.” மெரின் படிவத்தின் மேல் கை வைத்தாள். “கோவத்துல போடற கையெழுத்து எனக்கு வேணாம். மருந்துல பி.பி. நிக்குது. அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு.”

“கோவம் இவங்க மேல. அவரு மேல இல்ல.” பேனாவைக் கீழே வைத்தாள். “ஆனா நீ சொல்றது சரி. ஒருத்திகிட்ட கேக்காம இதுல நான் கையெழுத்துப் போடக் கூடாது.”

“யாருகிட்ட?”

“எம் பொண்ணுகிட்ட.”

கோபிநாத் பதறினான். “பன்னெண்டு வயசுப் பொண்ணுகிட்டயா அண்ணி? அது கொழந்த!”

“என்னையும்தான் கொழந்தையாக்கி வெச்சிருந்தீங்க. எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவ அப்பன் விஷயத்த அவளுக்குத் தெரியாம நான் முடிக்க மாட்டேன். ஏமாந்தது என் ஒருத்தியோட போவட்டும்.”

அந்த வீட்டில் தன்னை ஏமாற்றாமல் இருக்கிற ஒரே ஜீவன் மாலாதான் என்று அவளுக்குத் தோன்றியது. பாவம், ஒன்றும் தெரியாது. இரண்டு நாளாகப் போன் செய்தால், அப்பாவைப் பற்றிக்கூடக் கேட்பதில்லை. ‘சாப்டியாம்மா, தூங்கினியாம்மா’ என்று பெரிய மனுஷி மாதிரி இவளைத்தான் கேட்கிறது.

சொல்ல வேண்டியதை முதலில் நோட்டில் எழுதிப் பார்த்தாள். ‘மாலா, அம்மா உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன்.’ அடித்துவிட்டு இன்னொரு முறை எழுதினாள். பிறகு மாமியாரின் எண்ணுக்குப் போட்டாள்.

எடுத்தது மாலா. பின்னால் கோயில் மேளம் கேட்டது.

“ஆயா அம்மனுக்குத் தண்ணி ஊத்தப் போயிருக்காங்கம்மா. சாப்டியா?”

“மாலா, ஒரு ஓரமா போயி உக்காரு. அப்பாவப் பத்தி அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

மேளச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. கதவு சாத்தும் ஓசை.

“அம்மா,” என்றாள் பிறகு, மிகச் சின்னக் குரலில். “சித்தப்பா உன்கிட்ட சொல்லிட்டாரா?”

துர்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

“உனக்கு... எப்பலேர்ந்து தெரியும்?”

“மூணாவது சுத்துக்கு நான் வரலயேம்மா, அப்ப. ஆயாவுக்கு சித்தப்பாகிட்டேர்ந்து போன் வந்துச்சு. நான் பக்கத்துல நின்னேன்.” தேம்பல் வந்து, அடக்கி, மறுபடி பேசினாள். “உன்கிட்ட சொன்னா நீயும் செத்துடுவன்னு ஆயா சொன்னாங்க. அம்மன் முன்னாடி கற்பூரத்துல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. இப்ப நீதான மொதல்ல ஆரம்பிச்ச? நான் சொல்லல இல்ல? நான் சத்தியத்த மீறல இல்லம்மா?”